ரீகால் மெயிலும் ஜிமெயிலும்: பல்கலைக்கழக நூலகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மாணவர் அட்டை கைக்கு வந்த அன்றே நூலகக் கணக்குக்குள் ஒருமுறை நுழைந்து பார்த்துவிடுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அதுவேதான் நூலக அட்டையும். ஐந்து நிமிட வேலை. காசைக் கரைக்கும் விஷயம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

புத்தகம் எடுக்கும்போது திரையில் ஒரு தேதி காட்டும். அதை நம்பாதீர்கள். ஒரு செமஸ்டர் முழுக்கத் தருவார்கள், ஆராய்ச்சி மாணவர் என்றால் ஒரு வருடம்கூடத் தருவார்கள். தேதி நெருங்கினால் பல இடங்களில் தானாகவே புதுப்பித்தும் கொள்ளும். ஆனால் வேறு யாராவது அதே புத்தகத்தைக் கேட்டுவிட்டால் பழைய தேதி ரத்து. ஒன்றிரண்டு வாரத்துக்குள் திருப்பித் தரச் சொல்லிப் புதுத் தேதி விழும். இதற்குப் பெயர் ரீகால். தகவல் போவது பல்கலைக்கழக மின்னஞ்சலுக்கு. நாம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதோ ஜிமெயிலை!

சாதாரணத் தாமதத்துக்கு அபராதத்தையே எடுத்துவிட்ட நூலகங்கள் நிறைய. அவற்றில் பலவும் ரீகால் என்றால் மட்டும் நாள் கணக்கில் போடுகின்றன. இன்னும் சில வாரம் போனால் கணினி அந்தப் புத்தகத்தைத் தொலைந்ததாக எழுதிவிடும். புத்தக விலை, அதன்மேல் கையாளும் கட்டணம் என்று இரண்டும் உங்கள் கணக்கில் ஏறும். கட்டாமல் விட்டால் அடுத்த செமஸ்டர் பதிவோ மதிப்பெண் சான்றிதழோ நின்றுபோகக்கூடும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் புத்தக விலையை நீக்கிவிடுவார்கள். கையாளும் கட்டணத்தையும் அபராதத்தையும் நீக்குவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மாட்டிக்கொள்வது பெரும்பாலும் விடுமுறையில்தான். புத்தகங்களை அறையில் பூட்டிவிட்டு விமானம் ஏறிய பிறகு ரீகால் வரும். அறைத்தோழரிடம் சாவி இருக்காது. ஊருக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள், வந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கைபேசியில் சேர்த்து, நூலகத்திலிருந்து வருவது ஸ்பாமுக்குப் போகிறதா என்று பாருங்கள். உங்கள் அட்டையில் நண்பருக்கு எடுத்துக் கொடுக்கவே வேண்டாம். அவர் தாமதித்தாலும் கேட்பது உங்களைத்தான்.

திருப்பிக் கொடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டால், ஊழியர் அதைத் திறந்து ஸ்கேன் செய்யும்வரை புத்தகம் உங்கள் பெயரில்தான் இருக்கும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குத் தரும் பாடப் புத்தகம், லேப்டாப், சார்ஜர் போன்றவற்றை அந்தப் பெட்டியில் போடவே கூடாது. அவற்றுக்கு அபராதம் மணிக்கணக்கில் ஓடும், கவுன்டரில்தான் கொடுக்க வேண்டும். கொடுத்த பின் ரசீது கேளுங்கள், மறுநாள் கணக்கில் அது மறைந்துவிட்டதா என்றும் பாருங்கள். மறையவில்லை என்றால், 'திருப்பிவிட்டேன்' என்று உடனே எழுதிக் கொடுங்கள். அலமாரியில் போய்த் தேடுவார்கள், பல சமயம் அங்கேயே இருக்கும்.

உங்கள் நூலகத்தில் இல்லாத புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். கட்டுரை என்றால் ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஓரிரு நாளிலேயேகூட வரும். மாணவருக்குப் பெரும்பாலும் இலவசம். பதிப்பகத்தின் தளம் காசு கேட்டால் வங்கி அட்டையை எடுக்காதீர்கள். முதலில் நூலகப் பக்கத்தின் வழியாக லாகின் செய்து பாருங்கள், வீட்டிலிருந்து நேராகப் போனால் நீங்கள் யார் என்று அந்தத் தளத்துக்குத் தெரியாது. அப்படியும் கிடைக்காவிட்டால் வரவழைக்கச் சொல்லுங்கள். ஒரு இதழை முழுதாக ஸ்கிரிப்ட் (தானாக இறக்கும் சிறு நிரல்) போட்டு இறக்குவது மட்டும் வேண்டாம். பதிப்பகம் மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் கதவைச் சாத்திவிடக்கூடும்.

அலமாரி எண்ணில், அதாவது புத்தகத்தின் இடத்தைச் சொல்லும் எண்ணில், புதியவர்கள் தடுமாறுவது புள்ளியில்தான். க்யூஏ76.73, க்யூஏ76.9 இரண்டில் முதலில் வருவது 76.73. அது தசம எண். அதற்கடுத்த எழுத்தோடு வரும் எண்ணும் அப்படியே: டி26, டி3, டி343 என்பதுதான் சரியான வரிசை. 3 சிறியது என்று டி26க்கு முன்னால் தேடினால் கிடைக்காது, இல்லை என்று நினைத்துத் திரும்பிவிடுவீர்கள்.

தமிழ்ப் புத்தகம் தேடுவது தனிக் கலை. பெரிய நூலகங்களின் பட்டியலில் தமிழ்த் தலைப்புகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் இருக்கும். அந்த எழுத்துமுறை நாம் வாட்ஸ்அப்பில் அடிக்கும் முறை அல்ல. சகரத்துக்கு எஸ் (s) கிடையாது, சி (c). ழகரத்துக்கு இசட்டும் ஹெச்சும் கிடையாது, அடிக்கோடிட்ட எல். அடிக்கோட்டை விட்டுவிட்டு வெறும் எல் அடித்தால் போதும். ககரத்துக்கு எப்போதும் கே (k), தகரத்துக்கும் டகரத்துக்கும் டி (t) என்ற ஒரே எழுத்து, பகரத்துக்கு எப்போதும் பி (p): பம்பரத்தின் முதல் எழுத்துக்குப் போடுவதுதான் நடுவில் வரும் பகரத்துக்கும். g, b, d என்று ஒலிக்கேற்ப மாற்றி அடித்தால் எதுவும் வராது.

அலமாரி எண்ணைப் பொறுத்தவரை, அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையில் தமிழ் பிஎல்4751இல் (PL4751) தொடங்கும். இன்னொரு எண்முறையான டியூயி என்றால் மொழி 494.811, இலக்கியம் 894.811. அலமாரியில் நாலே புத்தகம் தெரிந்தால் சோர்ந்துவிடாதீர்கள். மீதியை வெளிக் கிடங்கில் வைத்திருக்கக்கூடும். பட்டியலில் அந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் உள்ள கோரிக்கைப் பொத்தானை அழுத்தினால், சில நாளில் கவுன்டருக்கு வந்து காத்திருக்கும்.