சூரியக் காற்றின் கொந்தளிப்பை அளக்கிறீர்களா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

சுங்கை சிப்புட்டில் என் வீட்டு அஞ்சடியில் சனிக்கிழமை தோறும் இரண்டு பல்கலைக்கழகப் பிள்ளைகள் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். சூரியக் காற்று என்பது சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களின் வாயு. அதன் தரவை நாசா சும்மாவே தருகிறது. போன வாரம் ஒருவன் வரைபடத்தைக் காட்டி, "அண்ணா, பிளாஸ்மா பத்து செகண்டுக்கு ஒரு தரம் துடிக்குது" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஒரு காலத்தில் என் ஆய்வுக் கட்டுரையில் நானும் இதைத்தான் எழுதினேன். இந்த வேலையில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள் இவை.

விண்கலத்தின் விநாடியைப் பிளாஸ்மாவின் விநாடி என்று நினைப்பது

தோட்டத்து ரோட்டில் பஸ்ஸில் போகும்போது பால்மர நிரைகள் ஜன்னலில் விட்டு விட்டு மின்னும். மரமா ஆடுகிறது? மின்னும் வேகம் பஸ்ஸின் வேகத்தையும் நிரைக்கு நிரை உள்ள இடைவெளியையும்தான் சொல்லும்.

1994-இல் ஏவப்பட்ட விண்ட் விண்கலம் இப்போது பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சூரியக் காற்று அதை விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிறது. பிளாஸ்மாவுக்குள் காந்தப்புலக் கோடுகள் வழியே ஓடும் ஆல்ஃபென் அலைகளுக்கோ அங்கே 50 கிலோமீட்டர் அளவுதான் வேகம். ஆகவே கொந்தளிப்பின் சுழல்கள் உருமாறுவதற்குள் கருவியைத் தாண்டிப் போய்விடுகின்றன. பத்து விநாடி என்பது துடிப்பல்ல, 4,000 கிலோமீட்டர் நீளம். 1938-இல் இயற்பியலாளர் டெய்லர் சொன்ன கருதுகோள் இது. அதைப் படித்திருந்தும் என் அட்டவணை முழுக்க 'விநாடி' என்று போட்டு, மதிப்பீட்டாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, எட்டு மாத வேலையைத் திரும்பச் செய்தேன். இன்னும் ஆறவில்லை.

சரி, இதைக் கற்றுக்கொண்டவர்கள் அப்புறம் எல்லா இடத்திலும் இதையே போடுகிறார்கள். அது இன்னும் எரிச்சல். சூரியனை நெருங்கிச் சுற்றும் பார்க்கர் விண்கலம் 2021 ஏப்ரல் 28 அன்று நுழைந்த பகுதியில் ஆல்ஃபென் வேகம் காற்றின் வேகத்தையே மிஞ்சுகிறது. பஸ் ஓட ஓட மரங்களும் நடக்கின்றன. விண்கலத்தின் சொந்த வேகம் வேறு, சூரியனுக்கு மிக அருகே விநாடிக்கு 190 கிலோமீட்டருக்கும் மேல். அதைக் கணக்கில் சேர்க்காமல் நீளம் சொல்லாதீர்கள்.

9999.99

பல விண்கலங்களின் அளவீடுகளைச் சேர்த்து நாசா தரும் ஓம்னி தரவில் இது காந்தப்புலத்தின் அளவு அல்ல, ஓட்டை. அந்த நேரத்துக்கு அளவீடு இல்லை என்ற குறி.

ஓட்டையை நேர்கோட்டால் அடைப்பது

வேண்டாம்.

எங்கும் 5/3 தேடுவது

பெரிய சுழலிலிருந்து சிறிய சுழலுக்குப் போகப் போக ஆற்றல் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று சொல்லும் எண்தான் சரிவு. கொந்தளிப்புக்குக் கணிதவியலாளர் கோல்மோகொரோவ் 1941-இல் தந்த 5/3 சரிவு அழகானதுதான். ஆனால் தரவில் ஓர் அதிர்ச்சி அலையின் திடீர்த் தாவல் விழுந்தாலே சரிவு 2-ஐ நோக்கி இழுபடும். சூரியனுக்கு அருகில் 3/2 ஒட்டி வருகிறது. முதலில் மூலத் தரவைக் கண்ணால் பாருங்கள்.

பையன் அட்டவணையைத் திருத்திவிட்டு, "அண்ணா, 4,000 கிலோமீட்டர் எந்தப் பக்கம்?" என்றான். காற்று ஓடும் பக்கம் மட்டும்தான். மற்ற பக்கங்களுக்கு ஒரு விண்கலம் போதாது. அதனால்தான் கிளஸ்டர், எம்எம்எஸ் என்ற விண்வெளித் திட்டங்களில் விண்கலங்களை நான்கு நான்காக அனுப்பினார்கள்.