வீட்டில் டிஃப்யூசர்: எந்தத் தண்ணீர், எத்தனை சொட்டு, எப்படிச் சுத்தம்

தண்ணீரில் சில சொட்டு தாவர வாசனை எண்ணெய் விட்டால், அதைப் புகைபோல அறையில் பரப்பும் கருவிதான் டிஃப்யூசர். புதிதாக வாங்கியது முதல் வாரம் ஜோராக ஓடும். இரண்டாம் மாதம் லைட் மட்டும் எரியும், புகை வராது. கருவி மட்டம் என்று மூலையில் போட்டுவிடுவார்கள். பல நேரம் கருவியில் கோளாறே இருக்காது. உப்புத் தண்ணீரும் அளவுக்கு மீறிய எண்ணெயும் செய்த வேலை அது. முதல் நாளிலிருந்தே இந்த இரண்டையும் கவனித்தால் போதும், மற்றதெல்லாம் எளிது.

இங்கே சொல்வது தண்ணீர் ஊற்றி ஓட்டும் அல்ட்ராசோனிக் வகைக்கு. கற்பூரம் போட்டு பிளக்கில் செருகும் பீங்கான் விளக்குக்கும், தண்ணீரே இல்லாமல் எண்ணெயை அப்படியே தெளிக்கும் நெபுலைசர் வகைக்கும் இது பொருந்தாது.

உள்ளே என்ன நடக்கிறது

டேங்கின் அடியில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டத் தகடு தெரியும். பெரும்பாலான மாடல்களில் அது நொடிக்கு 17 லட்சம் அல்லது 24 லட்சம் முறை அதிர்ந்து தண்ணீரைப் பொடிப்பொடித் துளியாக உடைக்கிறது. சின்ன ஃபேன் ஒன்று அதை மேலே தள்ளுகிறது. தண்ணீர் கொதிப்பதில்லை, அதனால் வெளியே வருவதும் சுடாது, சில்லென்றுதான் இருக்கும். கொதித்து ஆவியானால் உப்பு பாத்திரத்திலேயே தங்கிவிடும். இங்கே துளியோடு உப்பும் சேர்ந்து பறக்கிறது. மேஜைமேல் வெள்ளையாகப் பொடி படிவது அதனால்தான்.

எதை வாங்குவது

பத்துக்குப் பத்து படுக்கையறைக்கு 100 முதல் 200 மில்லி டேங்க் தாராளம். ஹாலுக்கு 300 முதல் 500. தண்ணீர் தீர்ந்ததும் தானே ஆஃப் ஆகும் வசதி கட்டாயம் வேண்டும். விட்டுவிட்டு ஓடும் மோடு இருந்தால் நல்லது. ஏழு கலர் லைட்டுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

எண்ணெய் வாங்கும்போது லேபிளில் தாவரத்தின் அறிவியல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஃப்ரேக்ரன்ஸ் ஆயில்’, ‘பெர்ஃப்யூம் ஆயில்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் செயற்கை வாசனை. 10 மில்லி சந்தன எண்ணெய் நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அதில் சந்தனம் இல்லை. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். லாவெண்டர், நீலகிரித் தைலம், ஆரஞ்சு போன்றவை பிசுக்கில்லாமல் காய்ந்துவிடும். பஜ்ஜி வைத்த தாள் மாதிரி பிசுக்கு நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. வெட்டிவேர், சந்தனம் இரண்டும் கனமானவை, மெதுவாகத்தான் காயும். அவற்றுக்கு இந்தச் சோதனை சரிவராது.

டேங்கில் ஊற்றவே கூடாதவை: தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், பாதாம் எண்ணெய், தலைக்குத் தேய்க்கும் தைலம், கோடாலித் தைலம், கரைத்த கற்பூரம், சென்ட், கொசுவிரட்டி லிக்விட். கடைசியில் சொன்னது பூச்சிமருந்து. அதற்கென்று உள்ள கருவியில் அளவோடு ஆவியாவதற்காகச் செய்தது. கொசுவை விரட்டும் என்று விற்கும் சிட்ரோனெல்லா எண்ணெய் போட்டாலும் கொசுவலையைக் கழற்றிவிடாதீர்கள், அது கொசுவைக் கொல்லாது.

ஆன் செய்வதற்கு முன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

கைக்குழந்தை இருக்கும் அறையில் டிஃப்யூசர் வேண்டாம். நீலகிரித் தைலத்தில் உள்ள சினியோலும் புதினா வகைகளில் உள்ள மென்தாலும் சிறு குழந்தைகளுக்கு மூச்சுத் தொந்தரவு தரக்கூடியவை. ‘சளிக்கு நல்லது’ என்று தொட்டில் பக்கத்தில் வைப்பது ஆபத்து. ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். பூனை வளர்த்தால் டீ ட்ரீ, புதினா, எலுமிச்சை வகைகளைத் தொடவே வேண்டாம். இவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. கூண்டுப் பறவை இருக்கும் அறையிலும் வேண்டாம்.

குப்பியைப் பூட்டி வையுங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 1: இடம்

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில், சமமான இடத்தில் வையுங்கள். டிவி, ரௌட்டர், ஸ்விட்ச்போர்டு பக்கத்தில் வேண்டாம். மர மேஜையானால் அடியில் ஒரு தட்டு. சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே வைத்தால் புகை எழும்பாமல் மேஜையிலேயே ஈரமாக இறங்கும்.

படி 2: தண்ணீர்

பிளக்கைச் செருகாமல், மூடியைத் திறந்து, டம்ளரால் ஊற்றுங்கள். குழாயடியில் நீட்டிப் பிடிக்க வேண்டாம். உள்ளே ஓரமாக நிற்கும் குழல் ஃபேன் காற்று வரும் வழி. அதில் தண்ணீர் இறங்கினால் நேராக சர்க்யூட்டுக்குப் போகும். மேக்ஸ் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நிறுத்துங்கள்.

போர் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீர் அல்லது கேன் தண்ணீர் போதும். கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் இன்னும் நல்லது. வெந்நீரும் ஐஸ் தண்ணீரும் கூடாது.

படி 3: சொட்டு

100 மில்லிக்கு 3 சொட்டு. வாசனை போதவில்லையென்றால் அடுத்த தடவை 4, அதிகபட்சம் 5. கிராம்பு, பட்டை எண்ணெய் காரமானவை, டேங்க் எவ்வளவு பெரிதானாலும் ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம்.

200 மில்லிக்குச் சில சேர்க்கைகள்: ஆரஞ்சு 4, லாவெண்டர் 3. அல்லது லெமன்கிராஸ் 4, கிராம்பு 1. மழை நாளுக்கு வெட்டிவேர் 2, ஆரஞ்சு 4. வெட்டிவேர் எண்ணெய் தேன்போல் கெட்டியாக இருக்கும், கவிழ்த்தால் இறங்காது. குப்பியை இரு உள்ளங்கைக்கும் நடுவே ஒரு நிமிடம் உருட்டினால் இளகி வரும்.

தண்ணீரின் நடுவே சொட்டுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெயில் உள்ள லிமோனீன் சில பிளாஸ்டிக்கை அரிக்கும். விளிம்பில் பட்டால் உடனே துடையுங்கள்.

படி 4: ஓட்டம்

30 நிமிடம் ஓட்டி, அதே அளவு நேரம் நிறுத்துங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேண்டாம். ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும். இருபது நிமிடத்தில் ‘வாசனையே இல்லையே’ என்று தோன்றும். மூக்கு பழகிவிட்டது, அவ்வளவுதான். எண்ணெய் தீரவில்லை. வெளியே போய்விட்டு வந்து முகர்ந்து பார்த்தால் தெரியும். இந்த நேரத்தில் கூடுதலாகச் சொட்டுவதுதான் தலைவலியில் முடிகிறது.

சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். மழைக்காலத்தில் மூடிய அறையில் நெடுநேரம் ஓட்டினால் சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

படி 5: கொட்டிவிடுங்கள்

மிச்சத் தண்ணீரை அடுத்த நாளுக்கு வைக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி, காற்றுக் குழலுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துக் கொட்டுங்கள். மெல்லிய துணியால் துடைத்து, மூடியைத் திறந்தே காயவிடுங்கள்.

வாரம் ஒரு முறை பாதி டேங்க் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் வெள்ளை வினிகர் விட்டு ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். கொட்டிவிட்டு, வினிகரில் நனைத்த பட்ஸால் தகட்டை லேசாக வட்டமாகத் துடையுங்கள். பட்ஸ் பழுப்பாக வந்தால் எண்ணெய்ப் பிசுக்கு, விரலில் சொரசொரவென்று பட்டால் உப்பு. பிசுக்குக்கு பட்ஸில் கொஞ்சம் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். ஊசி, பிளேடு, ஸ்டீல் நார் மூன்றும் கூடாது. கீறல் விழுந்த தகடு மறுபடி சரியாக அதிராது. ஓடும்போது தகட்டில் விரல் வைக்காதீர்கள், சுருக்கென்று சுடும்.

கோளாறு வந்தால்

லைட் எரிகிறது, புகை இல்லை: முதலில் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். மேக்ஸ் கோட்டைத் தாண்டினாலும் புகை மங்கும். அது சரியாக இருந்தால் தகட்டைச் சுத்தம் செய்யுங்கள்.

புகை வருகிறது, ஆனால் எழும்பவில்லை: கருவியைத் திருப்பினால் அடியில் ஃபேன் ஜாலி தெரியும். தூசி அடைத்திருக்கும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். பஞ்சு மெத்தைமேல் வைத்தாலும் இதே கதைதான்.

புகை வரும் வாயிலிருந்து தண்ணீர் தெறிக்கிறது: மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது தண்ணீர் அதிகம்.

தானே அணைந்து அணைந்து எரிகிறது: அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைக் கருவியின் அடியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். 24 வோல்ட் கருவிக்கு 12 வோல்ட் அடாப்டர் செருகிக்கொள்ளும், சரியாக வேலை செய்யாது. 12 வோல்ட் கருவியில் 24 வோல்ட் அடாப்டரைச் செருகினால் கருவி கருகிவிடலாம்.

அடியில் கசிகிறது: காற்றுக் குழல் வழியே தண்ணீர் இறங்கியிருக்கிறது. பிளக்கைக் கழற்றி, டேங்கைக் காலி செய்து, இரண்டு நாள் முழுக்கக் காயவிடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம், நிழலே போதும். அதற்குப் பிறகும் கசிந்தால் தகட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் போயிருக்கும். அந்தக் கருவியை மறுபடி கரண்டில் செருகாதீர்கள்.