நகரத்தில் சமுதாயத் தொலைக்காட்சி: டர்பன் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

சமுதாயத் தொலைக்காட்சி, அதாவது ஒரு பகுதி மக்கள் தாங்களே இலாப நோக்கின்றி நடத்தும் தொலைக்காட்சி, தொடங்கலாமா என்று ஒரு மாநகராட்சி யோசிக்க ஆரம்பித்தால், முதல் கூட்டத்திலேயே பேச்சு கேமராவுக்கும் ஸ்டூடியோவுக்கும் போய்விடுகிறது. அவை விடை காண எளிய கேள்விகள். அலைவரிசை யாருடைய பொறுப்பில் இருக்கும், மூன்றாம் ஆண்டில் ஒளிபரப்புக் கட்டணத்தை யார் கட்டுவார் என்ற இரண்டும்தான் கடினமானவை. இவற்றுக்கு எழுத்தில் விடை இல்லாமல் தொடங்கும் நிலையம், கருவிகள் புதிதாக இருக்கும்போதே தடுமாறும்.

தென்னாப்பிரிக்காவின் எதெக்வினி மாநகராட்சி எல்லைக்குள், அதாவது டர்பன் நகரிலும் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட், இசிபிங்கோ போன்ற பகுதிகளிலும் வாழும் தமிழர்களையும், அவர்களுடைய சங்கங்களையும் கோயில் குழுக்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மாநகராட்சி முடிவெடுத்த பிறகு நமக்கு ஒரு மணி நேரம் கேட்பதைவிட, முடிவு உருவாகும் இடத்திலேயே அதன் விதிகளை எழுத உதவுவது நல்லது.

அமெரிக்க முறையை அப்படியே எடுக்க முடியாது

சமுதாயத் தொலைக்காட்சியைப் பற்றிப் படிப்பவர் எவரும் முதலில் அமெரிக்க முன்மாதிரியைத்தான் சந்திப்பார். நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் 1971 ஜூலை மாதம் பொதுமக்கள் தாங்களே நிகழ்ச்சி தயாரித்து வழங்குவதற்கென்று கேபிளில் அலைவரிசைகள் திறக்கப்பட்டன. மறு ஆண்டில் அந்நாட்டின் தகவல்தொடர்பு ஆணையம் பெரிய நகரங்களின் கேபிள் நிறுவனங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. 1979-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. பிறகு 1984-ஆம் ஆண்டின் கேபிள் சட்டம், பொதுமக்களுக்கும் கல்விக்கும் நகர நிர்வாகத்துக்கும் அலைவரிசை ஒதுக்குமாறு கேட்கும் உரிமையை நகரங்களுக்கு வழங்கியதோடு, கேபிள் நிறுவனத்தின் மொத்த வருவாயில் 5 சதவீதம் வரை கட்டணம் பெறவும் வழி செய்தது. இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே அடித்தளத்தின் மீது நிற்கிறது: தெரு நகரத்துடையது, அதில் கேபிள் இழுக்க நகரத்தின் அனுமதி வேண்டும், அந்த அனுமதிக்கு ஈடாக நகரம் அலைவரிசையும் பணமும் கேட்கிறது.

தென்னாப்பிரிக்காவில் அந்த அடித்தளம் இல்லை. இங்கே வீடுதோறும் கேபிள் இழுத்துத் தொலைக்காட்சி தரும் தொழில் வேரூன்றவேயில்லை. கட்டணத் தொலைக்காட்சி 1995 முதல் டிஎஸ்டிவி வழியாகச் செயற்கைக்கோளில் வந்து சேர்ந்தது. இன்று நம் தெருக்களில் ஒளியிழை புதைக்கப்படுகிறதே, அந்த நிறுவனங்களிடம் மாநகராட்சி அலைவரிசை கேட்கக் கூடாதா என்று கூட்டங்களில் ஒருவர் நிச்சயம் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் 2005-ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, உரிமம் பெற்ற வலையமைப்பு நிறுவனங்கள் தெரு உட்பட எந்த நிலத்திலும் நுழைந்து கம்பி பதிக்க அதிகாரம் அளிக்கிறது. இதை எதிர்த்து ட்ஷ்வானே (பிரிட்டோரியா) மாநகராட்சி லிங்க் ஆப்பிரிக்கா என்ற ஒளியிழை நிறுவனத்தோடு நடத்திய வழக்கில், 2015-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்றது. நிறுவனங்கள் நகராட்சித் துணைவிதிகளை மதிக்க வேண்டும், உரிய இழப்பீடு தர வேண்டும். ஆனால் அனுமதியை மறுத்துப் பேரம் பேசும் வலிமை நகரத்திடம் இல்லை. ஒளிபரப்பு உரிமம் வழங்குவதும் மாநகராட்சி அன்று, ஐகாசா என்னும் தேசிய ஆணையம்.

ஆகவே நம் நகரம் பிறரிடம் வாங்கித் தர முடியாது. தன்னிடம் இருப்பதையே தர வேண்டும். தன்னிடம் என்ன இருக்கிறது என்று மாநகராட்சி கணக்கெடுப்பதே முதல் வேலை. நூலகங்கள், சமுதாய மண்டபங்கள், நகராட்சியின் சொந்த ஒளியிழை இணைப்புகள், பயன்படாமல் கிடக்கும் கட்டடங்கள், மன்றக் கூட்டங்களைப் பதிவு செய்யும் கருவிகள் ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். பட்டியல் கையில் வந்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசினால் போதும்.

யாருடைய பொறுப்பு

இந்த வழிகாட்டியில் மிக அதிக கவனத்தோடு படிக்க வேண்டிய பகுதி இதுவே என்பது என் உறுதியான கருத்து.

நம் சட்டத்தின்படி சமுதாய ஒளிபரப்பு என்பது இலாப நோக்கற்ற அமைப்பின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அது ஒரு குறிப்பிட்ட சமுதாயத்துக்குப் பணியாற்ற வேண்டும். நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுப்பதிலும் வழங்குவதிலும் அந்தச் சமுதாயத்தினர் பங்கேற்க ஊக்குவிக்க வேண்டும். நன்கொடை, மானியம், விளம்பரம், உறுப்பினர் கட்டணம் ஆகிய எல்லா வழிகளிலும் பணம் திரட்டலாம். அரசியல் கட்சிகளும் கட்சி சார்ந்த அமைப்புகளும் ஒளிபரப்பு உரிமம் பெற மின்னணுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. எனவே மாநகராட்சி ஆதரவாளராக நிற்கலாம், உரிமையாளராக ஆகக் கூடாது. மேயர் அலுவலகத்தின் ஒரு பிரிவாக நிலையத்தை நடத்தும் யோசனை எவ்வளவு சிக்கனமாகத் தோன்றினாலும் அதை முதல் வரைவிலேயே எதிர்க்க வேண்டும்.

2008-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி ஓர் இலாப நோக்கற்ற நிறுவனத்தைப் பதிவு செய்வதே பொதுவாக வசதியான வழி. அதன் அமைப்பு விதிகளில் சிலவற்றை விட்டுக்கொடுக்காமல் எழுதுங்கள். ஆட்சிக்குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் பொதுக் கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். மன்ற உறுப்பினரும் கட்சிப் பொறுப்பில் இருப்பவரும் அதில் இடம்பெறக் கூடாது. ஒரே கோயிலோ சங்கமோ பள்ளியோ இரண்டு இடங்களுக்கு மேல் வகிக்கக் கூடாது. ஒருவர் தொடர்ந்து இருக்கக்கூடிய காலத்துக்கு வரம்பு வேண்டும். இந்தக் கடைசி விதியை நம்மவர் சிலர் விரும்பமாட்டார்கள். பல ஆண்டுகள் உழைத்த பெரியவர்களை விலக்குவதாக அது தோன்றும். அவர்களுக்கு ஆலோசகர் இடம் கொடுத்து மதிக்கலாம். வாக்கு மட்டும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

நேரம் கேட்டு வருகிறவருக்குள்ள உரிமையையும் அதே ஆவணத்தில் எழுத வேண்டும். மன்ஹாட்டனின் பொது அலைவரிசைகளை நடத்தும் தனியார் அமைப்பு அரசு அமைப்பாகாது என்றும், ஆகையால் பேச்சுரிமை பற்றிய அரசியலமைப்பு விதி அதைக் கட்டுப்படுத்தாது என்றும் 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டுச் சட்டம் வேறு. ஆயினும் அந்தத் தீர்ப்பு காட்டும் ஆபத்து இங்கும் உண்டு: நிலையத்தை விமர்சித்த ஒருவரின் நிகழ்ச்சியை நிர்வாகம் மறுத்தால், அவர் எதைக் காட்டி முறையிடுவார்? விண்ணப்பங்களை வந்த வரிசையில் ஏற்பது, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருவது, மேல்முறையீட்டை ஆட்சிக்குழுவுக்கு வெளியே உள்ள மூவர் கேட்பது என்ற மூன்றும் அமைப்பு விதியிலும் மாநகராட்சியுடனான ஒப்பந்தத்திலும் இருக்கட்டும். தேர்தல் காலத்தில் கட்சிகளை நியாயமாக நடத்துவது மின்னணுத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 59-ஆம் பிரிவின் கீழ் கட்டாயம் என்பதால், அதற்கான நடைமுறையைத் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே வகுத்துவிட வேண்டும்.

பணமும் ஒளிபரப்பும்

மாநகராட்சி ஒரு வெளி அமைப்புக்கு நிதி தருவதானால் 2003-ஆம் ஆண்டின் நகராட்சி நிதி நிர்வாகச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு குறுக்கே வரும். பணம் பெறும் அமைப்பு மாதந்தோறும் செலவு அறிக்கையும், ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கும் தர ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே நிகழ்ச்சி இயக்குநரை நியமிப்பதற்கு முன்பே ஒரு நல்ல கணக்கரை நியமியுங்கள். அதே சட்டத்தின் 33-ஆம் பிரிவு, மூன்று ஆண்டுக்கு மேல் நிதிச்சுமை தரும் ஒப்பந்தங்களுக்குப் பொதுக் கலந்தாய்வு உள்ளிட்ட நீண்ட நடைமுறையை விதிக்கிறது. எனவே மூன்று ஆண்டு உறுதிமொழியைக் கேட்பது பொருத்தமானது. முதல் ஆண்டில் பெருந்தொகையும் பிறகு ஒன்றுமில்லை என்ற ஏற்பாட்டைவிட, மூன்று ஆண்டுகளுக்கும் சமமாகப் பிரித்த சிறிய தொகை மேலானது. ஊடக வளர்ச்சிக்கென 2002-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த எம்டிடிஏ என்னும் அரசு முகமையிடமும் மானியம் கேட்கலாம். அதையே நம்பி மட்டும் இருக்கக் கூடாது.

ஒளிபரப்பு வழியைப் பற்றி அவசரப்பட வேண்டாம். சமுதாய நிலையங்களான சோவெட்டோ டிவியும் 2008-இல் தொடங்கிய கேப் டவுன் டிவியும் நிலவழி அலைகளில் ஒளிபரப்பியதோடு டிஎஸ்டிவியிலும் இடம்பெற்றன. ஆனால் அலைபரப்புக் கோபுரங்களை நடத்தும் சென்டெக் என்ற அரசு நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய ஒளிபரப்புக் கட்டணம் சமுதாயத் தொலைக்காட்சிகளுக்குப் பெருஞ்சுமையாகவே இருந்து வருகிறது. அனலாக் ஒளிபரப்பை நிறுத்தும் நாளும் பலமுறை தள்ளிப்போயிற்று. 2025 மார்ச் 31 என்று குறித்ததையும் நீதிமன்றம் தடுத்தது. அலைக்கற்றை பற்றிய நிலை தெளிவாகும் வரை, இணையத்தில் ஒளிபரப்பி, நூலகங்களிலும் சமுதாய மண்டபங்களிலும் உள்ள திரைகளில் காட்டிப் பழகுங்கள். இணையத் தரவுக்குச் செலவு செய்ய இயலாத வீடுகள் பல என்பதால் அந்தத் திரைகள் இன்றியமையாதவை.

கருவிகளைப் பற்றிச் சில சொற்கள் போதும். மின்வெட்டைத் தாங்கும் பேட்டரியும் இன்வெர்ட்டரும் முதல் பட்டியலிலேயே இருக்க வேண்டும். 2021 ஜூலை கலவரத்தில் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்ஸ் எஃப்எம் என்ற சமுதாய வானொலி முற்றிலும் சூறையாடப்பட்டது. 2022 ஏப்ரல் வெள்ளம் நம் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. எனவே காப்பீடு செய்யுங்கள், தரைத்தளத்தைத் தவிருங்கள், பதிவுகளின் நகலை வேறொரு கட்டடத்தில் வையுங்கள்.

தமிழுக்கு எவ்விடம்

தமிழுக்கென்று தனி அலைவரிசை கேட்கலாம் என்பவர்கள் நம்மிடையே உண்டு. சட்டமும் பொதுவான அக்கறை கொண்ட குழுவைச் சமுதாயமாக ஏற்கிறது. ஆனாலும் நகரம் முழுவதற்கும் ஒரே அலைவரிசை, அதில் தமிழுக்கு நிலையான நேரம் என்பதையே நான் வலியுறுத்துவேன். அலைக்கற்றை அரிது, பணம் அதைவிட அரிது. அவற்றினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. 2021 ஜூலை கலவரத்தின்போது, இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் பீனிக்ஸில் கறுப்பினத்தவர் பலர் கொல்லப்பட்டது ஆறாத காயமாக இருக்கிறது. பீனிக்ஸும் கறுப்பினத்தவர் வாழும் க்வாமாஷுவும் அருகருகே இருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகள் ஒரே ஸ்டூடியோவில் ஒரே கேமராவைக் கையாளப் பழகுவதைப் போன்ற வாய்ப்பை வேறெந்தத் திட்டமும் எளிதில் தராது.

அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, பான்சால்ப் என்னும் தேசிய மொழி வாரியம் வளர்த்து மதிப்பளிக்கச் செய்ய வேண்டிய மொழிகளுள் தமிழைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. உங்கள் கோரிக்கையில் இதைக் குறிப்பிடுங்கள். ஆனால் அது ஒரு நிமிட நேரத்தையும் தானாகப் பெற்றுத் தராது. நிகழ்ச்சி தயாரிக்கும் ஆற்றல்தான் பெற்றுத் தரும். 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களின் வழித்தோன்றல்களுள் பெரும்பாலானோருக்கு இன்று வீட்டுமொழி ஆங்கிலம். தேவாரம் பாடத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழில் செய்தி கேட்கத் தெரியாது. ஆகவே தமிழ் நிகழ்ச்சி எதுவானாலும் ஆங்கில வரிகளும் சூலு வரிகளும் கீழே ஓட வேண்டும். மொழிபெயர்க்கும் இளைஞருக்கு ஊதியம் தர வேண்டும்.

கோயில் விழாக்களை ஒளிபரப்ப எல்லோரும் விரும்புவர். இசிபிங்கோ மாரியம்மன் கோயிலின் பெரிய வெள்ளித் திருவிழாவும், மவுண்ட் எட்ஜ்கோம்பின் தீமிதியும், காவடியும் கட்டாயம் பதிவாக வேண்டியவைதாம். அவற்றோடு நின்றுவிடக் கூடாது. கரும்புத் தோட்டக் குடியிருப்புகளில் வளர்ந்து இன்று ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்ற பெயரில் வழங்கும் தெருக்கூத்தை ஆடத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். விடியவிடிய நடக்கும் ஒரு கூத்தை முழுமையாகப் பதிவு செய்ய வணிகத் தொலைக்காட்சி எதுவும் முன்வராது. நிறவெறி ஆட்சி இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பிரதேசச் சட்டத்தால் வீடிழந்து சாட்ஸ்வர்த்துக்கு வந்த முதியவர்களின் நினைவுகள், தொடக்கத் தமிழ்ப் பாடம், வெள்ளத்துக்குப் பின் குடிநீர் குறித்து மாநகராட்சி அதிகாரியிடம் மக்கள் நேரடியாகக் கேட்கும் மணி நேரம் ஆகியவையும் வேண்டும்.

ஒரு நடைமுறைச் சிக்கலை இங்கேயே சொல்ல வேண்டும். நம் கலை விழாக்களில் பெரும்பகுதி திரைப்படப் பாட்டுக்கு ஆடும் நடனம். மண்டபத்தில் ஆடுவதற்கும் அதைப் பதிவு செய்து ஒளிபரப்புவதற்கும் வேண்டிய உரிமைகள் வெவ்வேறு. உரிமை பெறாத பாட்டுள்ள நிகழ்ச்சியை நிலையம் திருப்பி அனுப்பும். ஆடிய பிள்ளையின் மனம் வருந்தும். ஆகவே ஒளிபரப்பை எண்ணித் தயாரிக்கும்போது நேரடியாகப் பாடும் பாடகரையும் மிருதங்கம், தவில் வாசிப்பவரையும் அழையுங்கள். அவர்களுக்கும் அது வாழ்வளிக்கும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் திரையில் தோன்றினால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் பெறுங்கள்.

எப்போது, எப்படி மனுக் கொடுப்பது

நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. வரைவு வரவுசெலவுத் திட்டமும் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தின் திருத்தமும் மார்ச் முடிவுக்குள் மன்றத்தில் வைக்கப்படும். ஏப்ரலிலும் மே மாதத் தொடக்கத்திலும் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். மே முடிவுக்குள் மன்றம் அதை நிறைவேற்றப் பார்க்கும். மே மாத இறுதியில் கொடுக்கும் மனுவுக்குப் பயன் இராது. முந்தைய செப்டம்பரிலேயே வார்டுக் குழுவிடம் பேச்சைத் தொடங்கி, பிற சமூகத்தாரின் அமைப்புகளோடு சேர்ந்து ஒரே மனுவாக எழுதுங்கள். அமைப்பு விதிகளின் வரைவு, மாநகராட்சி தரக்கூடிய இடங்களின் பட்டியல், மூன்று ஆண்டுச் செலவுக் கணக்கு, ஏற்கெனவே தயாரித்துக் காட்டக்கூடிய நான்கைந்து நிகழ்ச்சிகள் ஆகியவற்றை மனுவோடு இணையுங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட நகலைக் கையில் வாங்கிக்கொண்டு, நிதிக்குழு அதை எடுத்துக்கொள்ளும் நாளைக் கேட்டுத் தெரிந்து, அன்று பேசுவதற்குத் தமிழர் ஒருவரையும் சூலு பேசுபவர் ஒருவரையும் சேர்த்தே அனுப்புங்கள்.