பஃபே தட்டைக் கையில் எடுப்பதற்கு முன்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்து இறங்கிய முதல் சில வாரங்களில் குக்கர் வாங்கியிருக்க மாட்டீர்கள், மளிகைக் கடை எங்கே என்று தெரிந்திருக்காது. தெருவில் 'இந்தியன் ரெஸ்டாரன்ட்' என்ற பலகையைப் பார்த்ததும் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். தாராளமாகப் போங்கள். ஆனால் அமெரிக்க ஊர்களில் அந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பஞ்சாபி, முகலாய் சமையல் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள். சாம்பார், ரசம், பொரியலைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அவர்களுக்குக் கைவந்த தந்தூரி கோழி, சன்னா மசாலா, தால் மக்கனி, சுடச்சுட நான் ரொட்டி ஆகியவற்றை வாங்கிச் சாப்பிட்டால் கொடுத்த காசு வீண் போகாது.

மதிய பஃபே பொதுவாக 11:30க்குத் தொடங்கி 2:30 அல்லது 3 மணிக்கு முடியும். அதன்பின் பல கடைகள் மாலை 5 மணிவரை அடைத்தே இருக்கும். நம்மூர் போல நாலு மணிக்குப் போய் ஏதாவது கிடைக்கும் என்று நம்ப முடியாது. கொரோனாவுக்குப் பிறகு பஃபேயையே நிறுத்திவிட்ட கடைகளும் நிறைய. பழைய மதிப்புரைகளை நம்பாமல், கிளம்புமுன் ஒரு போன் போட்டு இன்று பஃபே உண்டா, பெரியவருக்கு எவ்வளவு, எத்தனை வயதுவரை குழந்தைக் கட்டணம் என்று கேட்டுவிடுங்கள். சனி, ஞாயிறில் விலை கூடும், பலகாரங்களும் கூடும்.

போக நல்ல நேரம் 12 மணியை ஒட்டி. காரணம் பஃபே உணவை வைத்திருக்கும் தட்டுகளின் அமைப்பில் இருக்கிறது. ஆழமான எஃகுத் தட்டில் கறி, அதற்கு அடியில் சுடுநீர், அந்த நீரைச் சூடாக்க மின்சாரமோ சின்ன டப்பாவில் எரியும் ஜெல்லோ. சூடான உணவு 135 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் (57 செல்சியஸ்) குறையக் கூடாது, குளிர்ந்த உணவு 41 டிகிரிக்கு (5 செல்சியஸ்) மேல் போகக் கூடாது என்பது மாநிலங்களுக்கு முன்மாதிரியாக வகுத்த அமெரிக்க உணவு விதி. நேரம் ஆக ஆக என்ன நடக்கும் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: குருமாவின் மேல் ஏடு படியும், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும், புலாவ் மூலைகளில் விறைத்துப் போகும், மூடியில் திரண்ட ஆவி சொட்டிப் பக்கோடா நமத்துவிடும். தந்தூரி கோழி சீக்கிரம் வறண்டுவிடும். தால் மக்கனி, சன்னா, பாலக் போன்றவை மட்டும் வெந்துகொண்டே இருந்தாலும் தாங்கும். தாமதமாகப் போக நேர்ந்தால் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் கரண்டியை அடிவரை விட்டு ஒருமுறை கிளறிப் பாருங்கள். ஆவியே வரவில்லை என்றால் அதைத் தொட வேண்டாம். புதுத் தட்டு எப்போது வரும் என்று கேட்பதில் தவறே இல்லை. கேட்டால் பெரும்பாலும் மாற்றிவிடுவார்கள்.

முதல் சுற்று வெறுங்கையோடு நடந்து எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி மட்டும். சோற்றாலும் நானாலும் வயிற்றை அடைத்துக்கொண்டு கடைசியில் நல்ல கறியைக் கண்டு வருந்துபவர்கள் ஏராளம். நான் ரொட்டி பல கடைகளில் மேசைக்கே சூடாக வரும், வராவிட்டால் கேளுங்கள். மறுபடி எடுக்கப் போகும்போது பழைய தட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் புதுத் தட்டு எடுக்க வேண்டும். எச்சில் தட்டோடு வரிசைக்குப் போவது உணவு விதிப்படியே கூடாது. தண்ணீர்க் குவளைக்கு மட்டும் விலக்கு. ஒரு ஆள் பஃபே வாங்கி இரண்டு பேர் சாப்பிடுவதும், மிச்சத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போவதும் நடக்காது. மிச்சம் வைத்தால் தனிக்கட்டணம் என்று எழுதி வைத்திருக்கும் கடைகளும் உண்டு.

சைவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை சேர்ந்தே இருக்கலாம். நான் ரொட்டி மாவில் சில இடங்களில் முட்டை போடுவார்கள். பக்கோடாவைக் கோழி பொரித்த எண்ணெயிலேயே பொரித்திருக்கலாம். மாம்பழக் கஸ்டர்டு இறுக ஜெலட்டின் சேர்த்திருக்கலாம். நம் மிளகுத் தண்ணீர்தான் ஆங்கிலேயர் வாயில் 'முல்லிகட்டானி' சூப்பாகி இந்த மெனுவிலும் நிற்கிறது. ஆனால் பெயரை நம்பிக் குடித்துவிட வேண்டாம், கோழிச் சாற்றில் செய்யும் இடங்கள் உண்டு. 'சைவமா' என்று பொதுவாகக் கேட்காமல் முட்டை உண்டா, கோழிச் சாறு உண்டா, எண்ணெய் தனியா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முந்திரி ஒவ்வாதவர்கள் குருமா, ஷாஹி பன்னீர், டிக்கா மசாலா மூன்றையும் கேட்காமல் தொடக் கூடாது; அந்தக் கெட்டித்தன்மை பல இடங்களில் முந்திரி விழுதால்தான் வருகிறது.

பஃபேயில் காரம் எப்போதும் குறைவு, எல்லோருக்கும் பொதுவாகச் சமைப்பதால். வெட்டிய வெங்காயமும் பச்சை மிளகாயும் எலுமிச்சையும் கேட்டால் கொடுப்பார்கள். மெனுவிலிருந்து வாங்கினால் மைல்டு, மீடியம், ஹாட் என்று கேட்பார்கள், சில இடங்களில் அதற்கு மேலும் 'இந்தியன் ஹாட்' உண்டு. முதல் தடவை ஹாட் சொல்லிப் பாருங்கள், கடைக்குக் கடை அளவு மாறும். ஒரு கறி வாங்கினால் அதோடு பாசுமதி சோறு பல கடைகளில் இலவசம், நானுக்கு மட்டும் தனிக்காசு. அது தெரியாமல் புதியவர்கள் சோறும் தனியாகச் சொல்லிவிடுவார்கள். இரண்டு பேருக்கு இரண்டு கறியும் இரண்டு நானும் போதும், மீந்துபோகும். மெனுவில் 'ஆன்ட்ரே' என்பது முதன்மை உணவு. நம்மூர் மட்டன் ருசி வேண்டுமானால் 'லேம்' (செம்மறி) அல்ல, 'கோட்' (வெள்ளாடு) கேளுங்கள். கத்தரிக்காய் எக்பிளான்ட், வெண்டைக்காய் ஓக்ரா, கொத்தமல்லித் தழை சிலான்ட்ரோ. பார்சல் என்று சொல்லாமல் 'டு கோ' என்றும், பில்லை 'செக்' என்றும் சொல்லுங்கள்.

இனி, புதியவர்கள் அதிகம் தடுமாறும் டிப்ஸ். டிப்ஸ் பெறும் ஊழியருக்கு மத்தியச் சட்டப்படி முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், 1991 முதல் அது மாறவில்லை. கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் முழுக் கூலி உண்டு, மற்ற பல இடங்களில் டிப்ஸ்தான் அவர்கள் வருமானத்தின் பெரும்பகுதி. ஆகவே இதைத் தவிர்க்க நினைக்காதீர்கள். மேசைக்கு வந்து பரிமாறினால் 15 முதல் 20 சதவீதம். பஃபேயில் தண்ணீர் ஊற்றித் தட்டெடுப்பதால் 10 சதவீதம் வழக்கம்.

கணக்கு இப்படி. நியூ ஜெர்சியில் 40 டாலருக்குச் சாப்பிட்டால் 6.625 சதவீத வரி 2.65, ஆக 42.65. டிப்ஸை வரிக்கு முந்தைய 40க்குப் போட்டால் போதும்: 18 சதவீதம் 7.20. கார்டைத் தேய்த்துவிட்டு இரண்டு ரசீது கொண்டுவருவார்கள். கடைக்கான பிரதியில் 'டிப்' என்ற இடத்தில் 7.20, 'டோட்டல்' என்ற இடத்தில் 49.85 என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வங்கிச் செயலியில் முதலில் 42.65 காட்டி, ஓரிரு நாளில் 49.85 ஆகும், அது தவறல்ல. எழுதுமுன் 'கிராஜுவிட்டி' (இங்கே டிப்ஸ்தான்) அல்லது 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஏற்கெனவே ஒரு தொகை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆறு பேருக்கு மேல் போனால் 18 சதவீதத்தை அவர்களே சேர்த்துவிடுவது சாதாரணம். அதைக் கவனிக்காமல் பலர் இரண்டு முறை கொடுத்துவிடுகிறார்கள்.

நியூயார்க் நகரில் வாசல் கண்ணாடியில் ஏ, பி, சி என்ற சுகாதாரத் தரம் ஒட்டியிருக்கும்; 13 புள்ளிவரை ஏ, 27வரை பி, அதற்கு மேல் சி. இது குறைகளுக்குப் போடும் புள்ளி, எனவே குறைந்த புள்ளிதான் நல்லது. பஃபேக்கு ஏ பார்த்துப் போங்கள்.

மெனுவிலிருந்து வாங்கி மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள், முக்கியமாகச் சோற்றை. மூன்று நாலு நாளுக்குள் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

இட்லி, தோசைக்கு ஏங்கும்போது நியூ ஜெர்சி எடிசன் நகரின் ஓக் ட்ரீ ரோடு, நியூயார்க் மன்ஹாட்டனில் லெக்சிங்டன் அவென்யூவை இருபதுகளில் எண்ணிட்ட தெருக்கள் வெட்டும் பகுதி, சிகாகோவின் டெவன் அவென்யூ, கலிஃபோர்னியாவின் சன்னிவேல் ஆகிய இடங்களில் தேடுங்கள். தென்னிந்தியக் கடையில் பஃபே இருந்தாலும் தட்டில் அடுக்கிய தோசையை எடுக்காமல், புதிதாகச் சுட்டுத் தருவீர்களா என்று கேளுங்கள். பல இடங்களில் தருவார்கள். கோயில்களையும் விட்டுவிடாதீர்கள். நியூயார்க் பிளஷிங்கில் 1977இல் குடமுழுக்கு நடந்த கணேசர் கோயிலின் அடித்தளக் கேன்டீனில் தோசை வாங்க இந்தியர் அல்லாதவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். உங்கள் ஊர்க் கோயிலிலும் வார இறுதியில் புளியோதரையோ தயிர்சாதமோ கிடைக்கிறதா என்று கோயில் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.