நூறு போட்டால் நூறு சும்மா: ரசீதுக் கடதாசியில் போட்ட கணக்கு

போன மாதம் ஒரு வெள்ளி இரவு, ஒரு மணி இருக்கும். வடமேற்கு லண்டனில் நான் மனேஜராக இருக்கும் பெற்றோல் ஸ்டேஷன். என்னோடு இரவு வேலை செய்யும் தம்பிக்கு 23 வயது. ஃபோனை என் பக்கம் நீட்டினான்.

"அண்ணை, இதைப் பாருங்கோ. நூறு போட்டா நூறு சும்மா தாறாங்களாம்."

ஒன்லைன் கசினோ விளம்பரம். ரசீது மெஷினில் ஒரு முழம் கடதாசியை இழுத்துக் கிழித்தேன். 2021இல் எனக்கு யாரும் போட்டுக் காட்டாத கணக்கை அதில் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். நீங்களும் ஒரு பேனையை எடுங்கோ. விளம்பரத்தில் உள்ள பெரிய எழுத்தை விடுங்கோ, கீழே நிபந்தனைகளுக்குள் போனால்தான் விலை தெரியும்.

முதலில் தேட வேண்டிய சொல் வேஜரிங். போனஸ் காசு உங்கள் காசாக மாற முன்னம் எத்தனை மடங்கு தொகைக்கு நீங்கள் ஆடி முடிக்க வேண்டும் என்பதுதான் அது. நான் மாட்டியது 35 மடங்கில். நூறு பவுண்ட் போனசுக்கு 3,500 பவுண்டுக்குப் பந்தயம். ஸ்லொட் (பட்டனை அமத்தினால் படங்கள் சுற்றும் ஆட்டம்), போடும் காசில் 96 வீதம் திருப்பித் தருகிறது என்று வைத்தால், ஆடும் ஒவ்வொரு நூறிலும் நாலு பவுண்ட் கசினோவுக்குப் போகும். 35 தரம் நாலு, 140. நூறு பவுண்ட் பரிசை எடுக்க நூற்றி நாற்பது பவுண்ட் செலவு. அந்த நேரம் இந்தப் பெருக்கலை நான் செய்யவில்லை. கடையில் பால் விலை இரண்டு பென்ஸ் ஏறினால் கண்டுபிடிக்கிற ஆள் நான்!

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2026 ஜனவரி 19 முதல், பிரித்தானிய லைசென்ஸ் உள்ள கசினோக்கள் போனசின் பத்து மடங்குக்கு மேல் கேட்கக்கூடாது. தம்பியின் விளம்பரத்திலும் பத்துத்தான். 1,000 பவுண்டுக்கு ஆட வேண்டும், சராசரிச் செலவு 40.

"அப்ப அறுபது லாபம்தானே அண்ணை?"

கெட்டிக்காரன். கடதாசியில் லாபம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறுபது எங்கெங்கே ஒழுகும் என்று பார்க்க வேண்டும்.

ஒரே பெயருள்ள ஸ்லொட் ஆட்டத்தை, அதைச் செய்யும் கம்பனிகள் பல விதமாக விற்பதுண்டு. ஒரு தளத்தில் 96 வீதம் திருப்பித் தரும், இன்னொன்றில் 94, வேறொன்றில் 92. படம், பாட்டு, சத்தம் எல்லாம் ஒன்றுதான். 94 என்றால் உங்கள் நாற்பது அறுபதாகும், 92 என்றால் எண்பது. ஆட்டத்தைத் திறந்து, கேள்விக்குறியையோ சின்ன 'ஐ' எழுத்தையோ அமத்தி, விளக்கப் பக்கத்தின் அடிவரை போங்கோ. ஆர்.டி.பி., அதாவது திருப்பித் தரும் வீதம், என்று அங்கே இருக்கும் இலக்கத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கூகிளில் தேடி வரும் இலக்கம் வேறு தளத்தினுடையதாக இருக்கலாம்.

அடுத்து, எந்த ஆட்டம் எத்தனை வீதம் கணக்கில் சேரும் என்ற அட்டவணை. ஸ்லொட் முழுவதும் சேரும். சக்கரம் சுற்றும் ரூலெட், சீட்டு ஆடும் பிளக்ஜக் என்றால் பல இடங்களில் பத்து வீதம், சில இடங்களில் ஒன்றுமே இல்லை. பத்து வீதம் என்றால் ரூலெட்டில் 1,000க்குப் பதிலாக 10,000 பவுண்டுக்கு ஆட வேண்டும். ஒற்றைப் பூச்சியம் உள்ள ரூலெட் நூறுக்கு 2.7 எடுக்கும். ஆக 270. "ரூலெட் எனக்கு நல்லா வரும்" என்று தம்பி தொடங்கினான், இந்த இலக்கத்தை எழுதிக் காட்டியதும் பேசாமல் இருந்தான்.

என்னைக் கவிழ்த்தது இவை ஒன்றுமில்லை. நிபந்தனைகளில் எங்கோ நடுவில் ஒரு வரி: போனஸ் ஓடும்போது ஒரு சுற்றுக்கு ஐந்து பவுண்டுக்கு மேல் பந்தயம் கட்டக்கூடாது. எனக்கு அன்று 612 பவுண்ட் வரை ஏறியிருந்தது. நடுவில் எப்போதோ ஒரே ஒரு சுற்று, ஆறு பவுண்டுக்கு அமத்தியிருக்கிறேன். தளம் என்னைத் தடுக்கவில்லை, எச்சரிக்கவில்லை, சுற்றை ஓடவிட்டது. காசை எடுக்கப் போனபோதுதான் கடிதம் வந்தது. வென்றது முழுக்க ரத்து, நான் போட்ட நூறு மட்டும் திரும்பி வந்தது. முறைப்பாடு எழுதினேன். "நிபந்தனையில் உள்ளது" என்று பதில் வந்தது. உள்ளதுதான். இப்போது ஸ்லொட்டுக்குச் சட்டமே எல்லை போட்டிருக்கிறது: 25 வயதும் அதற்கு மேலும் என்றால் சுற்றுக்கு ஐந்து பவுண்ட், 18 முதல் 24 வரை இரண்டு. ஆனாலும் போனஸ் எல்லை அதைவிடக் குறைவாக இருக்கலாம், அதைத் தனியாகத் தேடி எழுதி வையுங்கோ.

சின்னச் சின்ன ஓட்டைகளும் இருக்கு. போனசில் வென்றதில் இவ்வளவுக்கு மேல் எடுக்க முடியாது என்ற வரம்பு. ஏழு நாளோ முப்பது நாளோ என்ற கெடு. ஸ்க்ரில், நெட்டெல்லர் மாதிரி ஒன்லைன் பணப்பைகள் வழியாகக் காசு போட்டால் பல இடங்களில் போனசே கிடையாது. ஐம்பது ஃப்ரீ ஸ்பின் என்று கத்துவார்கள், சுற்றுக்குப் பத்துப் பென்ஸ் என்றால் அது ஐந்து பவுண்ட் பெறுமதி, அவ்வளவுதான்.

நேரத்தையும் கணக்கில் சேருங்கோ. 1,000 பவுண்டை இருபது பென்ஸ் வீதம் ஆடினால் 5,000 சுற்று. இங்கே ஒரு ஸ்லொட் சுற்று 2.5 செக்கனுக்குக் குறையக்கூடாது. மூச்சு விடாமல் அமத்தினாலும் மூன்றரை மணித்தியாலம். அறுபது பவுண்ட் லாபத்துக்கு எங்கள் கடையில் ஒரு ஷிப்ட் கூடச் செய்யலாம், அதில் சம்பளம் நிச்சயம். கசினோவில் வருவதோ வெறும் சராசரி. ஒரு இரவில் ஒருத்தனுக்கு அடிக்கும், மற்றவனுக்குப் பாதி வழியில் காசு தீர்ந்துவிடும். பெரும்பாலும் முதலில் ஆட்டத்தில் போவதும் நீங்கள் போட்ட காசுதான், போனஸ் பிறகுதான் தொடங்கும்.

இனி, எந்த நிபந்தனையிலும் எழுதாத செலவு. நான் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுகிற ஆள், அப்பாவின் கடைப் பழக்கம். அந்த ஒரு வருடத்தில் பதினொரு போனஸ் எடுத்திருக்கிறேன். போனஸ் ஓடிய நேரத்தில் மட்டும் இழந்தது 290 பவுண்ட். போனஸ் முடிந்த பிறகு, அதே தளத்தில், "வந்தது வந்தோம், இன்னும் கொஞ்சம்" என்று ஆடியதில் இழந்தது 1,460. அந்தக் கூட்டலைச் சரியாகப் பார்த்தது அடுத்த வருடம் பெப்ரவரியில், வீட்டுக் கடனுக்குப் போனபோது. புரோக்கர் மூன்று மாத பாங்க் ஸ்டேட்மெண்டைக் கேட்டார். ஒரே கசினோவின் பெயர் பத்தொன்பது இடத்தில். அவர் ஒன்றும் ஏசவில்லை, பேனையால் தட்டிவிட்டு, ஆறு மாதம் சுத்தமாக வைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். 2022 பெப்ரவரியில் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 0.5 வீதம். ஓகஸ்டில் நான் திரும்பிப் போனபோது 1.75. என் மனைவி இன்றைக்கும் அந்த வித்தியாசத்தை மாதாமாதம் எனக்கு வாசித்துக் காட்டுகிறா.

தளம் பிரித்தானிய லைசென்ஸ் உள்ளதா என்று பக்கத்தின் அடியில் உள்ள இலக்கத்தைப் பார்த்து, சூதாட்ட ஆணையத்தின் பதிவேட்டில் அதைத் தேடுங்கோ. விளம்பரத்தைத் தொட்டதும் திறக்கிறது என்பதற்காக ஒரு தளத்தை நம்பக்கூடாது. 400 வீதம் போனஸ் என்று வருவது பெரும்பாலும் வெளிநாட்டு லைசென்ஸ், அங்கே பத்து மடங்கு எல்லையும் இல்லை, காசு நின்றால் இங்கே முறையிட இடமும் இல்லை. "கேம்ஸ்டொப்பில் இல்லாத தளம்" என்று பெருமையாகப் போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதேங்கோ. கேம்ஸ்டொப் என்பது உங்களை நீங்களே எல்லா உள்நாட்டுத் தளங்களிலும் தடுத்து வைக்கும் இலவச வசதி, ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று தெரிவு செய்யலாம். பல பாங்க் அப்களிலும் சூதாட்டக் கட்டணத்தைத் தடுக்கும் சுவிட்ச் இருக்கிறது. நான் இரண்டையும் போட்டேன். கையை மீறிப் போயிருந்தால் சூதாட்ட உதவி எண் 0808 8020 133, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், இலவசம்.

ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் போனஸ் செய்திகளை நிறுத்த, கணக்கின் செட்டிங்ஸில் விளம்பரத் தெரிவுகளுக்குப் போய் ஈமெயில், மெசேஜ், அழைப்பு எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். எனக்கு உதவிய முதல் வேலை அதுதான், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டு மணிக்குப் பாண் லொறி வந்துவிட்டது. தட்டுகளை இறக்க வெளியே போகும்போது தம்பி கேட்டான், "அண்ணை, அந்தக் கடதாசியைத் தாறீங்களா?" ரோலைப் போல் சுருட்டிக் கொடுத்தேன். ஃபோன் கவருக்குள் வைத்துக்கொண்டான்.