சிறுநீரில் என்.ஏ.ஜி. நொதியை அளக்கும் முறை: மஞ்சள் நிறம் ஏமாற்றும் இடம்

மன்னார்குடிப் பக்கம் சிறிய பரிசோதனைக்கூடம் நடத்திவரும் எனக்கு, குறுவை நடவில் நாள் முழுவதும் வெயிலில் குனிந்து நிற்கும் பெண்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு தொடங்கியிருந்தால், இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் தசைக் கழிவு) ஏறும் முன்பே அதைக் காட்டும் சோதனை உண்டா என்ற கேள்வி நெடுநாளாக இருந்தது. அப்படித்தான் என்.ஏ.ஜி. (என்-அசிட்டைல் குளுக்கோசமினிடேஸ்) அளவீட்டைக் கற்றுக்கொண்டேன். இந்நொதி சிறுநீரக நுண்குழல்களின் முதற்பகுதிச் செல்களில் லைசோசோம் என்னும் செரிமானப் பைக்குள் இருக்கிறது. மூலக்கூறு மிகப் பெரிது என்பதால் இரத்தத்திலிருந்து வடிகட்டப்பட்டுச் சிறுநீருக்குள் வருவதில்லை. ஆகவே சிறுநீரில் இது மிகுந்தால் குழல் செல்களுக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஜென்டாமைசின் என்னும் கிருமிக்கொல்லி ஊசி, காட்மியம் என்னும் நச்சு உலோகம், நீரிழிவு ஆகிய எதுவாலும் அளவு உயரும் என்பதால், காரணம் இன்னது என்று இச்சோதனையை மட்டும் வைத்துச் சொல்லிவிடாதீர்கள்.

முதலில், வயலுக்கு இறங்கும் முன் காலைச் சிறுநீரை வாங்கி, மையவிலக்கியில் சுழற்றி, மேல்நீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரியில் கிரியாட்டினினையும் அளக்க வேண்டும். அது உங்களுக்குத் தெரிந்த வேலைதான்.

அடுத்து வினைபொருள், அதாவது நொதி வெட்டி நைட்ரோபீனாலை விடுவிக்கும் பொருள். பாரா நைட்ரோபீனைல் என்-அசிட்டைல்-பீட்டா-டி-குளுக்கோசமினைடு 171 மில்லிகிராமை, பி.எச். 4.5 உள்ள 0.1 மோலார் சிட்ரேட் தாங்கற்கரைசல் 100 மில்லிலிட்டரில் கரையுங்கள். எளிதில் கரையாது, 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்து அவ்வப்போது கலக்கினால் கரைந்துவிடும். கரைசலே மஞ்சளாக இருந்தால் கொட்டிவிடுங்கள். உலர் வெப்பக் கட்டையைவிட நீர்த்தொட்டியே எனக்குப் பிடிக்கும். எல்லாக் குழாய்களுக்கும் ஒரே சூடு கிடைக்கிறது.

இக்கரைசல் 1 மில்லிலிட்டரை 37 டிகிரிக்குக் கொண்டுவந்து, 0.1 மில்லிலிட்டர் சிறுநீர் சேர்த்துச் சரியாக 15 நிமிடம் வையுங்கள். சிறுநீரைக் கூட்டினால் நிறம் கூடுமே என்று இந்த விகிதத்தை மாற்ற வேண்டாம். சிறுநீரிலுள்ள யூரியா இந்நொதியைத் தடுப்பதால், நீர்த்திருப்பதே நல்லது. நேரம் முடிந்ததும் 0.5 மோலார் சோடியம் கார்பனேட் 1.9 மில்லிலிட்டர் சேர்த்தால் வினை நின்றுவிடும். அதுவரை குழாயில் நிறம் தெரியாவிட்டாலும் பயப்பட வேண்டாம். விடுபட்ட நைட்ரோபீனால் காரத்தில்தான் மஞ்சளாகும். 405 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளவிடுங்கள்.

நான் சறுக்கிய இடம் இதுதான். எல்லா மாதிரிகளுக்கும் சிறுநீர் சேர்க்காத ஒரே வெற்றுக்குழாயை (அளவிலிருந்து கழிப்பதற்கான ஒப்பீட்டுக் குழாய்) வைத்து அளந்து வந்தேன். நடவுக்குப் போகும் ஓர் அக்காவின் மாதிரி 0.095 காட்டியது, கணக்கில் லிட்டருக்கு 10.5 யூனிட். மனம் ஒப்பாமல் “மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களாக்கா?” என்று கேட்டேன். “சத்து மாத்திரைதான் தம்பி, பத்து நாளாப் போடுறேன்” என்றார். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையிலுள்ள ரைபோபிளேவின் சிறுநீரைப் பளிச்சென்று மஞ்சளாக்கும். போதிய தண்ணீர் குடிக்காததால் சிறுநீரின் இயல்பான நிறமும் அடர்ந்திருந்தது. ஒவ்வொரு மாதிரிக்கும் அதற்கே உரிய வெற்றுக்குழாய் ஒன்று வேண்டும் என்பது அன்றுதான் உறைத்தது. வினைபொருளை மட்டும் 15 நிமிடம் சூடாக்கி, கார்பனேட்டை ஊற்றிய பிறகே அதே சிறுநீரை 0.1 மில்லிலிட்டர் சேருங்கள். காரத்தில் நொதி வேலை செய்யாது, சிறுநீரின் நிறம் மட்டும் பதிவாகும். அந்தக் குழாயைக் கழித்தபோது மிஞ்சியது 0.060. முன்பு கண்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நொதியே அல்ல.

இந்தக் கன அளவுகளுக்கு, கழித்துக் கிடைத்த உறிஞ்சலை 111 ஆல் பெருக்கினால் லிட்டருக்கான யூனிட் கிடைக்கும், 0.060 என்பது 6.7 யூனிட். அவருடைய கிரியாட்டினின் லிட்டருக்கு 1.2 கிராம் என்பதால், ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 5.6 யூனிட் என்று எழுதிக்கொடுத்தேன். கிரியாட்டினினால் வகுக்காத எண்ணை நான் அறிக்கையில் எழுதுவதில்லை. ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாலே அது மாறிவிடும். 111 என்பது நைட்ரோபீனாலின் உறிஞ்சல் எண்ணை (1 செ.மீ. பாதையில் 1 மில்லிமோலார் கரைசலின் உறிஞ்சல்) 18 என்று கொண்டு போட்ட கணக்கு. உங்கள் கருவியில் நைட்ரோபீனால் தரக்கரைசலை ஒருமுறை அளந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: இந்தக் குறிப்பைப் படித்தவர்களில் இருவருக்கு அளவு மிகக் குறைவாக வந்ததாம். ஒருவர் மாதிரியை மாலைவரை மேசையிலேயே வைத்திருந்தார்; கிருமி பெருகிச் சிறுநீர் காரமாகிவிட்டால் இந்நொதி செயலிழக்கும். வாங்கியவுடன் குளிர்பெட்டியில் வைத்து, அளக்கும் முன் பி.எச். தாளால் பார்த்து, 8க்கு மேல் இருந்தால் புதிய மாதிரி கேளுங்கள். மற்றவர் அளந்தது குழல் செல்களின் வேறொரு நொதியான ஜி.ஜி.டி.யை (காமா குளுட்டமைல் டிரான்ஸ்ஃபெரேஸ்), மாதிரியை உறையவைத்திருந்தார். உறைந்தால் ஜி.ஜி.டி. வீணாகிவிடும் என்பதால், அதை 4 டிகிரியில் வைத்து விரைவில் அளந்துவிட வேண்டும்.