‘அவர்’ யார்? வகுப்பறையில் பாலினச் சமத்துவத்துக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் முறை

ஏழாம் வகுப்பில் தனிவட்டி நடத்துவதற்காக, சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏதோ ஒரு செயலியிடம் பத்து வாக்கியக் கணக்குகளைத் தமிழில் கேட்டு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். அச்சடித்து வகுப்புக்குக் கொண்டுபோவதற்கு முன், ஒரு பென்சிலை எடுத்து, ஒவ்வொரு கணக்கிலும் யார் வருகிறார், என்ன செய்கிறார், வினைமுற்று எப்படி முடிகிறது என்று மூன்று பத்திகளாக (நெடுவரிசைகளாக)க் குறித்துப் பாருங்கள். நான் முதன்முறை அவ்வாறு குறித்தபோது, வங்கியில் கடன் வாங்கியவர், நிலம் விற்றவர், கடை வைத்தவர் எல்லோரும் ஆண்களாகவே இருந்தார்கள். பெண்களில் ஒருத்தி ரிப்பன் வாங்கினாள், இன்னொருத்தி அம்மாவுக்கு உதவியாக மாவு அளந்தாள். அதைவிட உறுத்தியது மூன்றாம் பத்தி. மேலாளர் ‘கேட்டார்’, வியாபாரி ‘விற்றார்’. ஆனால் ஆசிரியை ‘கொடுத்தாள்’, செவிலி ‘வாங்கினாள்’. ஆணுக்கு ‘ஆர்’, பெண்ணுக்கு ‘ஆள்’ என்று மரியாதை விகுதியிலேயே பிரிந்து கிடந்தது. ஆங்கிலத்தில் இதே சோதனையைச் செய்பவர்களுக்கு இந்த மூன்றாம் பத்தி தேவைப்படாது. தமிழாசிரியருக்கு அதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

இதைச் செயலியின் வன்மம் என்று கொள்ள வேண்டியதில்லை. மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்துத்தான் அது எழுதக் கற்றிருக்கிறது. சாதாரண இணைய எழுத்தைக் கற்கும் கணினி, பெண் பெயர்களைக் குடும்பத்தோடும் ஆண் பெயர்களைத் தொழிலோடும் சேர்த்துக் கட்டிவிடுகிறது என்பதை அய்லின் கலிஸ்கனும் உடன் இருவரும் 2017-இல் ‘சயன்ஸ்’ இதழில் காட்டினார்கள். 2024 மார்ச்சில் யுனெஸ்கோ வெளியிட்ட ஆய்வில், ஒரு மொழி மாதிரி (இத்தகைய செயலிகளுக்கு அடிப்படையான நிரல்) ஆண்களைக் காட்டிலும் நான்கு மடங்கு அதிகமாகப் பெண்களை வீட்டு வேலைகளில் வைத்து எழுதியது தெரியவந்தது. ஆகவே, இந்தக் கருவியை வைத்துக்கொண்டே பாலினச் சமத்துவத்தைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர், அது தருவது வரைவு மட்டுமே, எண்ணிப் பார்த்துத் திருத்துவது தம் வேலை என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும். கீழே சொல்லும் முறைகள் எல்லாம் அந்த எண்ணிக்கையைச் சுற்றியே அமைந்தவை.

பயிற்சித்தாளைத் திருத்தி எழுத வைத்தல்

‘பெண்களையும் சேர்த்து எழுது’ என்று மட்டும் சொன்னால் போதாது. அப்போது ரவி இருந்த இடத்தில் கவிதா வந்து அதே ரிப்பனை வாங்குவார். அல்லது எல்லாப் பெண்களும் விமானி, விண்வெளி வீராங்கனை என்று ஒரே மூச்சில் பறக்கத் தொடங்கிவிடுவார்கள். இரண்டாவது வகை பார்க்க நன்றாக இருந்தாலும், பிள்ளைகள் அதை ஆண்டுவிழாப் பேச்சாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். தாங்கள் அறிந்த வாழ்க்கையிலேயே பெண் முடிவெடுக்கிறார், ஆண் வீட்டு வேலை செய்கிறார் என்பதைப் பார்க்கும்போதுதான் அவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஆகவே கட்டளையை விரிவாகவே எழுத வேண்டும். நான் பயன்படுத்துவது இது:

“ஏழாம் வகுப்புக்குத் தனிவட்டியில் பத்து வாக்கியக் கணக்குகள் எழுது. களம் தமிழ்நாட்டின் ஒரு சிற்றூர். ஐந்து கணக்குகளில் பெண்களும் ஐந்தில் ஆண்களும் முதன்மையாக வர வேண்டும். கடன், நிலம், கூலி, தொழில் பற்றிய முடிவுகளைப் பெண்களும் எடுக்க வேண்டும். சமையல், குழந்தை வளர்ப்பு, தண்ணீர் பிடித்தல் ஆகியவற்றில் ஆண்களும் வர வேண்டும். வயதுவந்த எல்லோருக்கும் ‘ஆர்’ விகுதியே வர வேண்டும். பெயர்கள் பல சமயத்தாருக்கும் உரியனவாக இருக்கட்டும். விடைகளைப் படிப்படியாகத் தனியே கொடு.”

அதன்பின் கிடைத்த கணக்குகளில் ஒன்றைத் திருத்தி நான் வைத்துக்கொண்ட வடிவம்: “மல்லிகா தம் சுயஉதவிக் குழுவிலிருந்து ரூ.60,000 கடன் பெற்றுத் தையல் கடை தொடங்கினார். ஆண்டுக்கு 12 விழுக்காடு தனிவட்டி. அசலையும் வட்டியையும் இரண்டு ஆண்டுகளில் 24 சமத் தவணைகளாகத் திருப்பிச் செலுத்தினால், மாதத் தவணை எவ்வளவு?” வட்டி ரூ.14,400, மொத்தம் ரூ.74,400, தவணை ரூ.3,100. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதியதும், தன் அம்மா குழுவின் வரவுசெலவு நோட்டைத் தான்தான் எழுதுவதாக ஒரு மாணவி சொன்னாள். மீதிப் பாடவேளை அந்த நோட்டைப் பற்றியே போயிற்று. விடைகளை மட்டும் நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். மொழியைத் திருத்தச் சொல்லும்போது செயலி சில வேளைகளில் எண்ணையும் மாற்றிவிடும்.

வாழ்க்கை வரலாற்றுக் குறிப்புகளைக் கேட்கும்போது இன்னும் விழிப்பு வேண்டும். பெண் அறிவியலாளர்கள் என்றால் முதலில் மேரி கியூரி வருவார், அடுத்தும் பெரும்பாலும் அவரே வருவார். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாள், வானிலைக் கருவிகளை உருவாக்கிய அன்னா மாணி, 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்1 திட்டத்தின் இயக்குநர், செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி ஆகியோரை நீங்கள்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பெயரைக் கேட்டதும் பிறந்த ஊர், பெற்றோர், விருது என்று சரளமாக எழுதித் தரும் விவரங்களில் எது உண்மை, எது இட்டுக்கட்டியது என்று செயலிக்கே தெரியாது. பாடநூலிலோ இஸ்ரோ போன்ற நிறுவனத்தின் வெளியீட்டிலோ கண்டுகொண்ட விவரத்தை மட்டும் வகுப்பில் சொல்லுங்கள்.

‘அவர்’ என்ற சொல்லுக்கு ஒரு பாடவேளை

மாணவர்களையே சோதனையில் இறக்குவதற்குத் தமிழைப் போல் வசதியான மொழி அதிகம் இல்லை. நம் ‘அவர்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது; ஆங்கிலத்தின் ‘ஹி’, ‘ஷி’ அப்படியல்ல. பொதுவான ‘அவர்’ உள்ள வாக்கியத்தை ஆங்கிலமாக்கச் சொன்னால், இயந்திரம் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் பாடம்.

எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்பில், பாலினம் தெரியாத பத்து வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். ‘அவர் ஒரு பொறியாளர்’, ‘அவர் குழந்தைக்குச் சோறு ஊட்டினார்’, ‘அவர் பேருந்து ஓட்டுகிறார்’, ‘அவர் மிகவும் அழகாக இருக்கிறார்’, ‘அவர் ஊராட்சித் தலைவர்’ என்பன போல் கலந்து எழுதுவது நல்லது. செயலியைத் திறப்பதற்கு முன், ஒவ்வொரு மாணவரும் தம் மனத்தில் தோன்றுவது ஆணா பெண்ணா என்று ஏட்டில் குறித்துவிட வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்தால் பிள்ளைகள் இயந்திரத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்; தம் ஏட்டிலும் அதே சாய்வு இருப்பதைக் கண்ட பிறகு சிரிப்பு அடங்குகிறது. பிறகு வாக்கியங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே கொடுத்து, வந்த விடையைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பத்தையும் சேர்த்து ஒரே பத்தியாகக் கொடுத்தால், முதல் வாக்கியத்தில் எடுத்த பாலினத்தையே கடைசிவரை இழுத்துச் செல்லக்கூடும்.

விடைகள் செயலிக்குச் செயலி, நாளுக்கு நாள் மாறும். துருக்கி மொழியிலும் ‘அவர்’ போன்ற பொதுச்சொல்லே இருப்பதால் எழுந்த இதே சிக்கலுக்காக, கூகுள் மொழிபெயர்ப்பு 2018 டிசம்பரில் துருக்கியிலிருந்து ஆங்கிலமாக்கும்போது இரு பாலுக்கும் இரண்டு விடைகளைக் காட்டத் தொடங்கியது. ஆகவே, உங்கள் வகுப்பில் எல்லாம் நேர்த்தியாக வந்துவிட்டால் பாடம் கெட்டுவிட்டதாகக் கருத வேண்டாம். இதைத் திருத்த ஒருவர் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார் என்பதையே அன்றைய பாடமாக நடத்தலாம்.

மறுதிசைப் பயிற்சியும் ஒன்று உண்டு. ஆங்கிலப் பத்தி ஒன்றைத் தமிழாக்கச் சொல்லிவிட்டு, ‘மாணவன்’, ‘விஞ்ஞானி வந்தான்’ என்று வரும் இடங்களை ‘மாணவர்’, ‘வந்தார்’ என்று பிள்ளைகளே திருத்தட்டும். ஓட்டுநர், செவிலியர், நடத்துநர், ஆய்வாளர் என்று தமிழில் பொதுச்சொற்கள் ஏராளமாக இருக்கின்றன என்பதை இலக்கண வகுப்பில் பத்து நிமிடம் விளக்குவதைவிட இந்தத் திருத்தம் வேகமாகப் பதிய வைக்கும். திருநங்கை, திருநம்பி பற்றிய பகுதிகளில் செயலி பழைய இழிசொல் எதையும் நுழைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

யார் கையில் விசைப்பலகை

மேலே சொன்னவை எல்லாம் உள்ளடக்கம் பற்றியவை. கருவியைத் தொடுவது யார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் 33 விழுக்காடு. ஆண்கள் 57 விழுக்காடு. வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி இருந்தால், மாலையில் அது அண்ணன் கையிலோ அப்பா கையிலோதான் இருக்கும். ஆகவே, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தச் செய்யும் எந்த வேலையையும் வீட்டுப்பாடமாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தால், சமத்துவம் பற்றிய பாடமே பெண்பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறைத்துவிடும்.

பள்ளியின் ஹைடெக் லேபிலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. மூன்று பேருக்கு ஒரு கணினி என்று அமர்த்தினால், பையன் தட்டச்சு செய்வான், பெண்பிள்ளை நோட்டில் எழுதுவாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே அப்படி அமைந்துவிடும். 40 நிமிடப் பாடவேளையைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, மணி அடித்ததும் விசைப்பலகை கை மாற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிடம் பேசுவதற்கு. யார் எப்போது தட்டினார் என்பதை ஒரு மாணவர் குறித்துக்கொள்ளட்டும். தட்டச்சு பழகாதவர்கள் தமிழில் பேசியே கேள்வி கேட்கலாம். ஆனால் நாற்பது பேர் முன்னால் வாய்விட்டுக் கேட்கக் கூசும் பிள்ளைகளுக்கு அது உதவாது என்பதால், இரண்டு வழியும் திறந்திருக்கட்டும்.

பெயரை மறைத்துக் கேட்டல்

கட்டுரைகளுக்குக் கருத்துரை எழுதச் செயலியின் உதவியை நாடும் ஆசிரியர்கள் பெருகிவிட்டார்கள். விடைத்தாளைக் கொடுக்கும்போது மாணவர் பெயர், பள்ளிப் பெயர், ‘மாணவி’ என்ற சொல் ஆகியவற்றை நீக்கிவிட்டு வரிசை எண்ணை மட்டும் வையுங்கள். உங்கள் செயலி பெயரைப் பார்த்துத் தடுமாறுகிறதா என்று அறிய, ஒரே கட்டுரையை ஒருமுறை ‘முருகன்’ என்றும் ஒருமுறை ‘முருகேஸ்வரி’ என்றும் பெயரிட்டு, ஒவ்வொரு முறையும் புதிய உரையாடலில், ஐந்தைந்து தடவை கொடுத்துப் பாருங்கள். மதிப்பெண்ணைவிடப் பெயரடைகளை ஒப்பிடுவது பயன் தரும்: ஒருவருக்கு ‘கூர்மையான சிந்தனை’, மற்றவருக்கு ‘அழகான, பொறுமையான எழுத்து’ என்று வந்தால், அந்தச் செயலியிடம் பெயரோடு எதையும் கொடுக்க வேண்டாம். இறுதி மதிப்பெண்ணை எந்த நிலையிலும் ஆசிரியரே இட வேண்டும்.

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுப்பது என்று செயலியிடம் கேட்பது இனி நிற்கப் போவதில்லை. அதையும் சோதனையாக்கலாம். ஒரே மதிப்பெண்கள், ஒரே விருப்பங்கள். பாலினம் மட்டும் வேறு. பரிந்துரைத்த படிப்புகள், சொன்ன ஊர்கள், ‘வீட்டுக்கு அருகில்’, ‘பாதுகாப்பானது’ போன்ற சொற்கள் யாருக்கு வருகின்றன என்பதை மாணவர்களே பட்டியலிடட்டும். உதவித்தொகை விவரங்களை மட்டும் செயலியின் வாய்மொழியாக நம்பக் கூடாது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கி, பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. விரிவாக்கத்துக்கு முந்தைய விதியைச் செயலி ஒப்பித்து, தகுதியுள்ள ஒரு மாணவி விண்ணப்பிக்காமலே போய்விடக்கூடும்.

செயலியிடம் விடக் கூடாதவை

வளரிளம்பருவச் சந்தேகங்களைப் பெட்டியில் பெயரின்றி எழுதிப் போடச் செய்து, விடைகளுக்கான வரைவை மட்டும் செயலியிடம் பெற்று, செவிலியரிடமோ மருத்துவரிடமோ காட்டியபின் வகுப்பில் படிப்பது நன்றாக நடக்கிறது. ஆனால், அந்தப் பெட்டியில் குழந்தைத் திருமணம், தொந்தரவு, அடி என்று ஏதேனும் வந்தால் கணினியை மூடிவிட வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணும் அதற்காகத்தான் இருக்கின்றன. பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டப்படி புகாரளிப்பது ஆசிரியரின் கடமை.

மாணவியரின் ஒளிப்படங்களை எந்தச் செயலியிலும் ஏற்றாதீர்கள், ஆண்டுவிழாப் பதாகைக்காகக்கூட வேண்டாம். படத்தைத் திரித்து மிரட்டுவது இப்போது சில நிமிட வேலை. அப்படி நடந்துவிட்டால் இணையக் குற்றங்களுக்கான எண் 1930. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரின் தனித்தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. யுனெஸ்கோவின் 2023 வழிகாட்டி, பதின்மூன்று வயதுக்குக் குறைந்தோர் தாமாக இத்தகைய செயலிகளைப் பயன்படுத்த விடக் கூடாது என்கிறது. ஆகவே, ஆறாம், ஏழாம் வகுப்புகளில் செயலி ஆசிரியரின் கணினியில் மட்டும் இருக்கட்டும்.

பருவத்துக்கு ஒருமுறை அந்த மூன்று பத்தித் தாளை எடுத்து, அந்தப் பருவத்தில் கொடுத்த எல்லாப் பயிற்சித்தாள்களையும் மீண்டும் எண்ணுங்கள். செயலி எழுதியவற்றோடு, நீங்களே எழுதிய பழைய வினாத்தாள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் ‘அவர்’ பாடம் முடிந்த மறுவாரம், சென்ற காலாண்டுத் தேர்வுக்கு நான் தயாரித்த கணித வினாத்தாளை ஒரு மாணவி பென்சிலோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அதில் ஒரே ஒரு பெண்தான் இருந்தார். அவர் பூ கட்டிக்கொண்டிருந்தார்.